வெளிநாட்டுத் தொண்டர் திட்டங்கள்: முழுச் செலவும் தாறது எது, என்ன பேப்பர் வேணும்?

முத்தையன்கட்டு

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம், வயசு 22, பெண். ஏ/எல் கலைப்பிரிவு, பட்டம் இல்லை. முன்பள்ளி ஒண்டில ரெண்டு வருசமாத் தொண்டர் ஆசிரியை. வெளிநாட்டில ஒரு வருசம் தொண்டராப் போற திட்டத்துக்குப் போடலாம் எண்டு யோசினை. பேஸ்புக்கைத் திறந்தா ‘ஃபுல்லி ஃபண்டெட்’ எண்டு நாளுக்குப் பத்து விளம்பரம். எது உண்மை எண்டு பிரிக்கத் தெரியேல்லை.

1. இலங்கைப் பாஸ்போட்டோட, பட்டம் இல்லாமப் போடக்கூடிய திட்டம் எது?
2. நேரடியாப் போடலாமோ, இல்லை இஞ்ச ஒரு நிறுவனம் ஊடாத்தான் போகோணுமோ?
3. எந்தப் பேப்பரை முதல்ல எடுக்கோணும்? பிறப்புச் சான்றிதழில என்ர பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி.
4. ‘ஜேர்மனி வொலன்ரியர் விசா, பதிவுக்காசு 45,000, மிச்சம் விசா வந்தாப் பிறகு’ எண்டு ஒரு இடத்தில சொல்லுகினம். கட்டலாமோ?

பாலைமரம்

நாலாவதில இருந்து வாறன், தங்கச்சி. கட்டாதேங்கோ.

காரணம் இதுதான். ஜேர்மனியில தொண்டர் விசா எண்டது ஒரு ஒப்பந்தத்தில தொங்குது. எந்தப் பணியிடம், எத்தினை மாதம், கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், தங்குமிடம் ஆர் தாறது, கைச்செலவுக் காசு எவ்வளவு எண்டெல்லாம் அதில இருக்கும். பணியிடமும் திட்டத்தை நடத்திற நிறுவனமும் கையெழுத்து வைச்சிருக்கும். அந்தத் தாள் இல்லாம ஆரும் விசா எடுத்துத் தரேலாது. ஆகவே உங்களிட்டக் காசு கேக்கிறவரிட்ட ஒரே கேள்வி: ‘ஒப்பந்தத்தில என்ர பேரும் பணியிடத்தின்ர விலாசமும் எங்க?’ அதுக்குப் பதில் இல்லையெண்டா அங்கயே முடிஞ்சுது. ‘வேலைக்கு அனுப்புறம்’ எண்டு கதை மாறினா, அதுக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதிப்பத்திரம் வேணும். இலக்கத்தை வாங்கிப் பணியகத்திலயே கேட்டுப் பாக்கலாம்.

இனி முதலாவது கேள்வி. முதல் வெட்டவேண்டியதை வெட்டுவம். விளம்பரத்தில அடிக்கடி வாற ‘ஐரோப்பிய ஒற்றுமைப் படை’ (யூரோப்பியன் சொலிடாரிற்றி கோர்) உண்மையான திட்டம்தான், 18 முதல் 30 வயசு, செலவெல்லாம் ஐரோப்பிய ஒன்றியம். ஆனா அது ஒன்றிய நாடுகளிலயும் அதோட சேர்ந்த, பக்கத்து நாடுகளிலயும் இருக்கிற ஆக்களுக்கு. இலங்கையில இருந்து போடேலாது. இது தெரியாமக் கனபேர் ரெண்டு மூண்டு மாதத்தை அதில விடுகினம்.

உங்களுக்குப் பொருந்திறது ஜேர்மனி. அதில ரெண்டு பாதை இருக்கு, ரெண்டையும் ஒண்டெண்டு நினைக்கக் கூடாது.

ஒண்டு ‘வெல்ற்வேர்ட்ஸ்’. ஜேர்மனியின்ர பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைச்சின்ர திட்டம், 2008 இல தொடங்கினது. முதல்ல அங்கத்தை ஆக்களை இஞ்சால அனுப்பத்தான் இருந்தது. பிறகு இஞ்சால இருந்து அங்க போற பகுதியும் வந்தது, ‘தெற்கு-வடக்கு’ எண்டு சொல்லுவினம். வயசு 18 முதல் 28. விமானம், விசா, காப்புறுதி, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு, மொழி வகுப்பு எல்லாம் திட்டத்துக்குள்ள. ஆனா தனியாள் நேர போட்டு ஏறேலாது. ஜேர்மனியில உள்ள நிறுவனத்துக்கு இலங்கையில ஒரு பங்காளி நிறுவனம் இருக்கும், அதுதான் ஆளைத் தெரிவு செய்யும். அதால தேடவேண்டியது ‘விண்ணப்பப் படிவம்’ இல்லை, ‘இலங்கையில பங்காளி வைச்சிருக்கிற ஜேர்மன் நிறுவனம்’. திட்டத்தின்ர இணையத்தளத்தில நிறுவனங்களின்ர பட்டியல் இருக்கு, அதில ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கோ: வாற வருசத்துக்கு இலங்கையில இருந்து ஆள் எடுக்கிறியளோ, எடுத்தா இலங்கையில எந்த நிறுவனத்தோட கதைக்கோணும். அவ்வளவுதான். பதில் வராட்டி ரெண்டு கிழமையால இன்னொருக்கா.

மற்றது அங்கத்தைச் சாதாரண தொண்டர் சேவை. ‘கூட்டாட்சித் தொண்டர் சேவை’, ‘சமூகத் தொண்டு வருடம்’ எண்டு ரெண்டு வகை. இரண்டாவதுக்கு 27 வயசுக்குள்ள இருக்கோணும். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளர் இல்லம், கிண்டர்கார்டன், ஆஸ்பத்திரி. வழமையா 12 மாதம். இதுக்கு நேரடியா நீங்களே போடலாம். கைச்செலவுக் காசும் அரச சுகாதாரக் காப்புறுதியும் அவையே கட்டுவினம், தங்குமிடம் பணியிடத்தைப் பொறுத்தது. விமான ரிக்கெற்றும் விசாக் காசும் உங்கட கையால. கன விளம்பரத்தில இதைத்தான் ‘ஃபுல்லி ஃபண்டெட்’ எண்டு போடுகினம், அது சரியில்லை. மொழிதான் பெரிய தடை: பணியிடங்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில ஏ2 அல்லது பி1 மட்டம் கேக்கும். ஏ1 இல இருந்து பி1 வரைக்கும் ஒழுங்காப் படிச்சா ஒரு வருசம் எண்டு வையுங்கோ. சோதினைக்குக் கொழும்பு கெத்தே நிறுவகம்.

பட்டம் கேக்கிறதுகளை இப்போதைக்கு ஒதுக்குங்கோ. செவனிங் பிரித்தானிய அரசின்ர முதுமாணிப் புலமைப்பரிசில், தொண்டர் திட்டம் இல்லை.  

ஐ.நா. தொண்டர்களில ‘ஒன்லைன் வொலன்ரியர்’ எண்டொரு பகுதி இருக்கு. வீட்டில இருந்து செய்யிறது, கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல கேக்க மாட்டினம், காசு தரவும் மாட்டினம், வாங்கவும் மாட்டினம். தமிழ்-இங்கிலிஷ் மொழிபெயர்ப்பு மாதிரி வேலை வரும். முடிய ஒரு சான்றிதழ். போகாமலே சர்வதேச அனுபவம் எண்டு படிவத்தில எழுத இதைவிட மலிவான வழி இல்லை.

உள்ளூரில உங்கட பிரதேச செயலகத்தில இருக்கிற இளைஞர் சேவை உத்தியோகத்தரைப் பாருங்கோ. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஊடாத்தான் சில பரிமாற்றத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறது. இளைஞர் கழகத்தில அங்கத்தவரா இருக்கோணுமோ எண்டும் அவரிட்டயே கேளுங்கோ.

கச்சேரியடி

மூண்டாவது கேள்விக்கு. பேர் பிரச்சினையைத் தீர்க்காம ஒரு படிவமும் நிரப்பாதேங்கோ. விண்ணப்பத்தில ஒரு எழுத்து, பாஸ்போட்டில வேற எழுத்து, ரிக்கெற்றில இன்னொண்டு எண்டு வந்தா, தெரிவானாப் பிறகுதான் அடி விழும்.

வித்தியாசம் ரெண்டு வகை. தமிழிலயே பேர் வேற மாதிரி இருந்தா (உதாரணத்துக்குப் பிறப்புப் பதிவில ‘தர்சினி’, அடையாள அட்டையில ‘தர்ஷினி’), பிறப்பைப் பதிஞ்ச பிரிவின்ர பிரதேச செயலகத்தில மேலதிக மாவட்டப் பதிவாளரிட்டப் போய்த் திருத்தத்துக்குப் போடலாம், அல்லது அடையாள அட்டையைப் பிறப்புச் சான்றிதழுக்கு ஏத்தமாதிரி மாத்தலாம். ரெண்டாவதுதான் பொதுவாச் சுருக்கமான வழி. இங்கிலிஷ் எழுத்துத்தான் வித்தியாசம் எண்டா (ஒண்டில ‘ரி எச்’, மற்றதில ‘டி எச்’) பெரிய பிரச்சினை இல்லை. எது பாஸ்போட்டில வரப்போகுதோ அதையே முடிவாப் பிடிச்சுக்கொண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ: என்ர பேர், அப்பான்ர பேர், அம்மான்ர பேர், பிறந்த இடம், நாலுக்கும் இந்த எழுத்துத்தான் எண்டு. குடுக்காட்டி அவர் தன்ர பழக்கத்தில அடிப்பார். பழைய சான்றிதழில மாத்தேலாத வித்தியாசம் மிஞ்சினா, சமாதான நீதவானிட்ட ‘இரண்டு பெயரும் ஒருவருடையதே’ எண்டு ஒரு சத்தியக்கடதாசி, இங்கிலிஷில.

பாஸ்போட் படிவம் கே 35 ஏ. அதில ‘சேர்நேம்’ வரியும் ‘அதர் நேம்ஸ்’ வரியும் தனித்தனி. எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் இல்லாததால அப்பான்ர பேர் ஒண்டில வரும், சொந்தப் பேர் மற்றதில வரும். எது எதில வந்ததோ, பிறகு நிரப்புற ஒவ்வொரு வெளிநாட்டுப் படிவத்திலயும் அதே ஒழுங்கு. முதலெழுத்துப் போட்டு எழுதிறதை மறந்துவிடுங்கோ, எல்லா இடத்திலயும் முழுப்பேர்.

பாஸ்போட்டுக்குப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கு ஓடத் தேவையில்லை, வவுனியாவில பிராந்திய அலுவலகம் இருக்கு. இணையத்தில திகதி பதிஞ்சுகொண்டு போகோணும். சாதாரண சேவை 10,000 ரூபா, ஒருநாள் சேவை 20,000. போட்டோ பதிவு செய்த ஸ்ரூடியோவில எடுக்கோணும். படத்தை அவை நேர திணைக்களத்துக்கு அனுப்பிப்போட்டு ஒரு ரசீது தருவினம், அந்த ரசீதைத்தான் கொண்டுபோறது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மூலப்பிரதி.

பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில துலைஞ்ச ஆக்களுக்கு: பிறந்த ஊருக்கு அலையாமப் பக்கத்துப் பிரதேச செயலகத்திலயே கணினிப் பிரதி கேக்கலாம். பதிவே இல்லாத ஆக்களுக்குக் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் எண்டு வேற வழி, அதுக்கு மாதக்கணக்கு வையுங்கோ.

இனி ஆரும் சொல்லாத ஒண்டு. ஜேர்மனியில கிண்டர்கார்டன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியில நிக்கிற ஆள் 1970 க்குப் பிறகு பிறந்தவர் எண்டா, சின்னமுத்துத் தடுப்பூசி ரெண்டு தரம் போட்டதுக்கு ஆதாரம் காட்டோணும். 2020 மார்ச்சில இருந்து அங்க அது சட்டம். தொண்டரையும் அது பிடிக்கும். ஆதாரம் எங்க இருக்கு? குழந்தையா இருக்கேக்க குடும்பநல உத்தியோகத்தர் எழுதின வளர்ச்சி அட்டையில. எங்கட பக்கத்தில 2009 ஐக் கடந்து வந்த அட்டை எத்தினை வீட்டில இருக்கு? இல்லாட்டி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில பழைய பதிவு இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லையெண்டா ரெண்டு வழி: திரும்பப் போட்டுக்கொண்டு திகதியும் மருந்தின்ர பேரும் சீலும் உள்ள இங்கிலிஷ் கடிதம் எடுக்கிறது, அல்லது இரத்தத்தில எதிர்ப்புச் சக்தி இருக்கெண்டு பரிசோதிச்சு அறிக்கை எடுக்கிறது. ரெண்டு ஊசிக்கும் இடையில ஆகக்குறைஞ்சது நாலு கிழமை வேணும், அதால கடைசி மாதத்துக்கு விடாதேங்கோ.

பொலிஸ் நற்சான்றிதழ் இணையத்தில போடலாம். இருந்த விலாசங்களைத் திகதியோட கேக்கும். வன்னிக்காரருக்கு அந்தப் பட்டியல் நீளம்: சொந்த ஊர், இடம்பெயர்ந்த ஊர், முகாம், மீள்குடியேற்றம். அம்மா அப்பாவோட இருந்து ஒருக்கா ஒரு கொப்பியில வரிசையா எழுதி, மாதமும் வருசமும் போட்டு வைச்சுக்கொண்டு, எல்லாப் படிவத்திலயும் அதையே பாத்து எழுதுங்கோ. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில மூடினது. அதுக்குப் பிறகும் அங்க இருந்ததா ஒரு படிவத்தில எழுதிப்போட்டு, பிறகு விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்க வேண்டாம். நற்சான்றிதழை முதலே எடுத்து வைக்காதேங்கோ, பழசு எண்டு தள்ளுவினம். தெரிவுக் கடிதம் வந்த கிழமை போடுறதுதான் கணக்கு.

சிவப்புமை

பேப்பர் சரி. எழுத்துவேலையிலதான் எங்கட பிள்ளையள் விழுகினம், அதைப் பற்றிக் கொஞ்சம்.

விண்ணப்பத்தோட குடுக்கிற உந்தக் கட்டுரையளில நூற்றுக்குத் தொண்ணூறு ‘சின்ன வயசில இருந்தே மற்றவைக்கு உதவி செய்ய விருப்பம்’ எண்டு தொடங்கும். வாசிக்கிறவர் அண்டைக்கு அதே வரியை நாப்பதாவது தரம் வாசிக்கிறார். அதுக்குப் பதிலா இப்பிடிப் பாருங்கோ: ‘கிழமையில நாலு நாள், நாளுக்கு மூண்டு மணித்தியாலம், 3 முதல் 5 வயசு வரை 26 பிள்ளையள். ஆறு பிள்ளையள் வீட்டில இருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல நடந்து வாறதால ஒன்பது மணிக்கே களைச்சுப்போகினம். பாட்டை முதல்ல வைச்சிருந்ததை மாத்திக் கஞ்சியை முதல்ல குடுக்கத் தொடங்கினம்.’ மூண்டு வசனம். ஆள் ஆர், என்ன பாத்தா, என்ன மாத்தினா, மூண்டும் வந்திட்டுது. ‘தலைமைத்துவம்’ எண்ட சொல்லே தேவையில்லை.

மணித்தியாலத்தைக் கணக்குப் போட்டே எழுதுங்கோ. 4 நாள் × 3 மணி × 40 கிழமை = வருசத்துக்கு 480. ரெண்டு வருசம் 960. லீவுக் கிழமையைக் கழிக்கோணும், 52 ஆல பெருக்கிப் போட்டா அனுபவமுள்ள ஆள் உடன பிடிப்பார்.

யுத்தத்தைப் பற்றி எழுதலாமோ எண்டு எல்லாரும் கேப்பினம். எழுதலாம், ஒரு வசனம். இடத்தை விளங்கவைக்கிறதுக்குத்தான் அது, அனுதாபம் வாங்க இல்லை. ஒரு பக்கம் முழுக்க அழுகை எழுதிப்போட்டுக் கடைசி நாலு வரியில ‘ஆகவே ஜேர்மனி போகவேணும்’ எண்டு முடிச்சா, இந்தப் பணியிடத்தில நீங்கள் என்ன செய்வியள் எண்டதுக்குப் பதில் எங்கயும் இல்லை. அவை தேடுறது அதைத்தான். ‘திரும்பி வந்து என்ன செய்வியள்’ எண்ட கேள்விக்கும் பெரிய கதை வேண்டாம். ‘மாவட்டத்தில விசேட தேவையுள்ள பிள்ளையளை எடுக்கிற முன்பள்ளி குறைவு, அந்த வேலையைப் பழகி வந்து இஞ்சத்தை முன்பள்ளியில செய்வன்’ எண்டா காணும், உண்மையா அப்பிடி நினைச்சா மட்டும்.

சட்ஜிபிடியிட்டக் குடுத்து முழுக்க எழுதுவிக்காதேங்கோ. இங்கிலிஷ் பிழை திருத்த வையுங்கோ, பரவாயில்லை. முழுக்க அது எழுதினா நேர்முகத்தில உங்கட வாயில இருந்து அந்தச் சொல் வராது, அப்ப தெரிஞ்சுபோகும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆக்களை இப்பவே கேளுங்கோ, நாலு கிழமை அவகாசம் குடுங்கோ. சொந்தக்காரர் வேண்டாம். எம்பி, தவிசாளர் எண்டு பெரிய ஆளைத் தேடி ஓடவும் வேண்டாம். உங்களை ஒருக்காத்தான் கண்டவர் எழுதிற கடிதம் ரெண்டு வரியில முடியும். கூட நிண்டு வேலை செய்த ஆள் எழுதினா ஒரு பக்கம் வரும்.

முத்தையன்கட்டு

எல்லாருக்கும் நன்றி. கொப்பி எழுதத் தொடங்கீட்டன். ரெண்டு சந்தேகம். எங்கட முன்பள்ளிக்குக் கடிதத் தலைப்போ மின்னஞ்சலோ இல்லை, பொறுப்பாசிரியைக்கு இங்கிலிஷ் எழுத வராது. அப்ப அனுபவக் கடிதம் ஆரிட்ட எடுக்கிறது? மற்றது, லண்டனில சித்தி இருக்கிறா. விசிற் விசாவில போய் அங்க ஒரு தொண்டு நிறுவனத்தில ஆறு மாதம் நிக்கலாம் எண்டு சொல்லுறா. சரியோ?

வட்டுவாகல்

சித்தி சொல்லுறது சரிவராது, தங்கச்சி. பிரித்தானியாவுக்கு விசிற் விசாவில போற ஆள் தொண்டர் வேலை செய்யலாம், ஆனா மொத்தமா 30 நாளுக்குத்தான், அதுவும் பதிவு செய்த தொண்டு நிறுவனத்தில. ஆறு மாத விசாவைக் குடுத்திட்டினம் எண்டதுக்காக ஆறு மாதமும் நிண்டு வேலை செய்யேலாது. போற நோக்கம் வேற, படிவத்தில எழுதினது வேற எண்டு பிடிபட்டா அந்த மறுப்பு அடுத்த அடுத்த விண்ணப்பத்திலயும் கூடவே வரும். ஐரோப்பாவிலயும் அப்பிடித்தான், 90 நாளுக்கு மேல எண்டா ஷெங்கன் விசா இல்லை, அந்தந்த நாட்டின்ர தேசிய விசா. ஜேர்மனியின்ர தேசிய விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ.

பிரித்தானியாவுக்கு முறையான வழி ‘சரிற்றி வேர்க்கர்’ விசா. ஆகக்கூடினது 12 மாதம், சம்பளம் இல்லை. அங்கத்தை தொண்டு நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சின்ர அனுசரணையாளர் உரிமம் இருக்கோணும், அது உங்கட பேரில ஒரு அனுசரணைச் சான்று இலக்கம் தரும். உரிமம் உள்ள நிறுவனங்களின்ர பட்டியல் பிரித்தானிய அரசின்ர தளத்தில பகிரங்கமாக் கிடக்கு. ‘கடிதம் தாறம்’ எண்டு சொல்லுற நிறுவனத்தின்ர பேர் அதில இல்லாட்டி அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி இல்லை.

காசுக்கணக்கு பாருங்கோ, ஏனெண்டா ‘செலவெல்லாம் நாங்கள்’ எண்டு சொல்லுற நிறுவனங்களும் இதை மறந்துபோகும். உங்கட கணக்கில 1,270 பவுண் தொடர்ந்து 28 நாள் கிடக்கோணும், இல்லாட்டி நிறுவனம் ‘செலவை நாங்கள் பாக்கிறம்’ எண்டு சான்றிலேயே குறிக்கோணும். 28 நாளுக்குள்ள ஒரு நாள் மீதி குறைஞ்சாலும் மறுப்பு. அதுக்கு மேல சுகாதாரச் சேவைக் கட்டணம் வருசத்துக்கு 1,035 பவுண், விண்ணப்பிக்கேக்கயே முழுக்கக் கட்டோணும். ஆறு மாதத்துக்கு மேல எண்டா காசநோய்ப் பரிசோதனையும், கொழும்பில ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில. சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும்.

ஆரோட கதைச்சாலும் இந்தக் கேள்வியை எழுத்தில கேளுங்கோ: ரிக்கெற்றை நீங்கள் எடுத்து அனுப்புறியளோ, நான் எடுத்தாப் பிறகு திருப்பித் தாறியளோ? ‘றீஇம்பேர்ஸ்’ எண்டு பதில் வந்தா நீங்கள் முதல்ல கையில இருந்து போடோணும், ரசீதையும் போர்டிங் பாஸையும் கவனமா வைச்சிருக்கோணும், காசு போய்ச் சேர்ந்து சில கிழமையாலதான் வரும். அதுக்காக வட்டிக்கு எடுக்கிறது புத்தியில்லை. விசாக் கட்டணம், கைரேகைக்குக் கொழும்புக்குப் போய்வாற செலவு, காப்புறுதி, அங்க விமான நிலையத்தில இருந்து பணியிடத்துக்குப் போற ரயில், இதுகளையும் ஒண்டொண்டாப் பேர் சொல்லிக் கேளுங்கோ. கிளிநொச்சியில இருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர், உங்கட பக்கத்தில இருந்தும் அதை ஒட்டித்தான். இரவு பஸ்ஸில போய் விடிய அலுவல் முடிச்சு இரவு திரும்பினாலும், மூண்டு தரம் போகவேண்டி வரும் எண்டு கணக்கு வையுங்கோ.

மாநாட்டு வகை விளம்பரத்தையும் சொல்லோணும். நாலு நாள் ‘இளைஞர் உச்சிமாநாடு’, முழு உதவி பத்துப் பேருக்கு, மிச்சம் ஐஞ்சூறு இருக்கை. ரெண்டு கிழமையால ‘வாழ்த்துகள், நீங்கள் சுயநிதிப் பிரிவுக்குத் தெரிவு’ எண்டு வரும், பங்கேற்புக் கட்டணத்தை டொலரில கேக்கும். அது பரிசில் இல்லை, ரிக்கெற் வியாபாரம். ‘செல்ஃப் ஃபண்டெட்’ எண்ட சொல்லைக் கண்டா மூடிவிடுங்கோ.

விசாவுக்கு ‘திரும்பி வருவீர்’ எண்டதுக்கு ஆதாரம் கேப்பினம். எங்கட பக்கத்தில கன வீட்டில உறுதிக்காணி இல்லை, பேர்மிற் காணி (அரச அனுமதிப்பத்திரத்தில குடுத்தது). அனுமதிப்பத்திரத்தை மொழிபெயர்த்து வைக்கலாம், குடும்பம் இஞ்ச வேரூன்றி இருக்கெண்டு காட்டும். ஆனா அதுக்குப் பெறுமதி போட்டுச் சொத்து மதிப்பீட்டுக் கடிதம் எடுத்து வைக்காதேங்கோ. விற்கேலாத காணிக்கு விலை போட்டதாத் தெரிஞ்சா மற்ற ஆவணத்தையும் சந்தேகத்தோடதான் பாப்பினம். முன்பள்ளி ‘ஒரு வருச விடுப்புக்குப் பிறகு திரும்ப எடுப்பம்’ எண்டு தாற கடிதம் அதைவிடப் பலம்.

சிவப்புமை

கடிதத்தைப் பற்றி. பொறுப்பாசிரியை தமிழிலயே எழுதட்டும், அது பிழையில்லை. தமிழ் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் குடுங்கோ. நீங்கள் இங்கிலிஷில எழுதி அவவைக் கையெழுத்து வைக்கச் சொல்லாதேங்கோ: உங்கட கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில இருந்தா வாசிக்கிறவருக்குத் தெரியும், அவவுக்கு போன் எடுத்து இங்கிலிஷில கேட்டா இன்னும் மோசம்.

தலைப்பு இல்லாட்டி முன்பள்ளியின்ர பேர், கிராம அலுவலர் பிரிவு, பதிவு இலக்கம், தொலைபேசி மேல எழுதினாச் சரி, கீழ சீல். உள்ளுக்க இருக்கவேண்டியது: எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரை, கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், என்ன வேலை, எத்தினை பிள்ளையள், சம்பளமோ கொடுப்பனவோ. ‘நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்’ எண்டது கிராம அலுவலரின்ர நற்சான்றிதழுக்கு. வேலைக் கடிதத்துக்கு அது காணாது.

ரெண்டாவது கடிதத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்தில முன்பள்ளிக்குப் பொறுப்பானவர், அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. ரெண்டு பேரில ஒருவருக்காவது அலுவலக மின்னஞ்சல் இருந்தா நல்லம், சில படிவம் பரிந்துரைக்கிறவருக்கு நேர இணைப்பு அனுப்பும். அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள்ள போய்க் கிடக்கும், போட்ட அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ.

பாலைமரம்

ஒண்டு விட்டுப்போச்சு, நேரம். முடிவுத் திகதிக்குப் பக்கத்தில ‘23:59 சிஈரி’ (மத்திய ஐரோப்பிய நேரம்) எண்டு இருந்தா எங்களுக்கு அடுத்தநாள் விடிய 4:29. ‘12:00 யூரிசி’ (உலகப் பொது நேரம்) எண்டா அண்டைக்குப் பின்னேரம் 5:30. ஆனா கடைசி இரவை நம்பாதேங்கோ, படிவம் பதிவேற்றேக்க ‘ஃபைல் ரூ லாஜ்’ எண்டு நிக்கும். போனால எடுத்த படத்தைச் சும்மா போடாம ஸ்கான் அப் ஒண்டால கறுப்பு-வெள்ளையில எடுத்து, ஒரு ஆவணத்துக்கு ஒரு பீடிஎஃப், ஒவ்வொண்டும் 2 எம்பிக்குள்ள. மூலமும் மொழிபெயர்ப்பும் ஒரே ஃபைலில, மூலம் முன்னுக்கு.

நேர்முகம் வீடியோவில வரும். ஜேர்மன்காரர் ‘பத்து மணி’ எண்டு எழுதினா, கோடையில எங்களுக்கு 1:30, மாரியில 2:30. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் அவையின்ர மணிக்கூடு மாறும், எங்கட மாறாது. அந்த ரெண்டு கிழமையிலயும் நேர்முகம் விழுந்தா ‘இலங்கை நேரம் இத்தினை மணி, சரிதானே’ எண்டு முதல்நாள் எழுதிக் கேளுங்கோ. ரெண்டாவது சிம்மில டேற்றா போட்டு வையுங்கோ, கரண்ட் நிண்டா வைஃபையும் நிண்டிடும்.